ஒன்றரை வயது பக் எதிரே வந்து நின்றால்: சுட்டதும் விட்டதும்

பென்சில்வேனியா, ஆம்ஸ்ட்ராங் கவுண்டியிலிருந்து

வருகிற நவம்பரில் மான் வேட்டைக்காக முதல்முறையாகப் பரணில் உட்காரப் போகும் தம்பி ஒருவர் போன வாரம் கேட்டார்: "அண்ணே, சின்ன பக் வந்தா சுடலாமா, விட்டுடணுமா?" (பக் என்றால் ஆண் மான்.) ஒரு வரியில் பதில் சொல்ல வரவில்லை. அதனால் எனக்கு நடந்ததை இங்கே எழுதுகிறேன். மற்ற மாநிலத்து நண்பர்களும் அவரவர் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

நான் திண்டுக்கல் பக்கம். ஊரில் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. அங்கே வேட்டை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு முடிந்துபோன விஷயம். இங்கே வந்த பிறகு, கூட வேலை பார்த்த ஒரு பெரியவர் தன் தோட்டத்துக்குக் கூட்டிப் போனார். வேட்டைப் பயிற்சி வகுப்பில் தேறி லைசென்ஸ் வாங்கினேன். அவர் முதலில் கற்றுக்கொடுத்தது எண்ணுவதற்கு. சுடுவதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

எங்கள் பகுதியில் பெரியவர்கள் சுடும் பக்குக்கு ஒரு பக்கக் கொம்பில் குறைந்தது மூன்று பாயிண்ட் இருக்க வேண்டும். நெற்றிக்கு மேலே முதலில் முளைக்கும் கிளை கணக்கில் சேராது. ஒரு கிளை ஒரு அங்குலமாவது இருந்தால்தான் பாயிண்ட். மாநிலத்தின் பெரும்பகுதியில் நெற்றிக் கிளையும் சேர்த்து மூன்று இருந்தால் போதும். மேற்குப் பகுதியான எங்களுக்குத்தான் இந்தக் கூடுதல் கண்டிப்பு. கொம்பு விதி வந்தது 2002இல். அதற்கு முன்பு மூன்று அங்குல ஸ்பைக், அதாவது கிளையே இல்லாத கொம்பு, இருந்தாலே சுடலாம். அந்தக் காலத்தில் சுடப்பட்ட பக்குகளில் ஐந்தில் நான்கு பங்கு ஒன்றரை வயதுதான். கொம்பு முளைத்த முதல் இலையுதிர் காலமே அவற்றுக்குக் கடைசி. கேரி ஆல்ட் என்ற உயிரியலாளர் மாநிலம் முழுக்கக் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பேசித்தான் இதை மாற்றினார். வேட்டைக்காரர்கள் அவர்மேல் காட்டிய கோபத்தை எங்கள் பெரியவர் இன்றும் கதையாகச் சொல்வார், அவரும் கோபப்பட்டவர்களில் ஒருவர் என்பதால். இப்போது சுடப்படும் பக்குகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இரண்டரை வயதும் அதற்கு மேலும்.

சரி, என் கதை. 2019ஆம் வருடம். பல காலமாகத் திங்கட்கிழமை தொடங்கிவந்த ரைபிள் சீசன், அந்த வருடம்தான் தேங்க்ஸ்கிவிங் முடிந்த சனிக்கிழமைக்கு மாறியது. விடிந்து அரைமணி நேரம் இருக்கும். மூன்று பெட்டை மான்கள் ஓக் மரங்களுக்குள்ளிருந்து வந்தன. கடைசியாக வந்தது மட்டும் நின்று நின்று திரும்பிப் பார்த்தது. பின்னால் யாரோ வருகிறார்கள் என்று அதிலேயே தெரிந்தது. வந்தான். அறுபது கஜம். மூக்கை நக்கிக்கொண்டு, வாயில் புகை விட்டுக்கொண்டு நின்றான். பைனாகுலரை எடுத்து எண்ணினேன் (தம்பி, ஸ்கோப்பில் எண்ணாதே, அது துப்பாக்கியை நீட்டிக்கொண்டு யோசிப்பது). இடது பக்கம் நெற்றிக் கிளை, அடுத்து ஒன்று, அப்புறம் நுனி. அவ்வளவுதானா? நுனிக்குக் கீழே ஒரு முடிச்சு இருந்தது. அரை அங்குலமா, ஒரு அங்குலமா? தலையைத் திருப்பும்போதெல்லாம் ஒவ்வொரு மாதிரி தெரிந்தது. நிச்சயமாகத் தெரியாததால் கை கீழேயே இருந்தது. பதினோரு நிமிடம் என் முன்னால் ஓக் கொட்டை தின்றுவிட்டுப் போனான். அன்று நான் விட்டது விருப்பத்தால் இல்லை, சட்டத்தால். ஆனால் அந்தப் பதினோரு நிமிடத்தில் ஒரு மானை எப்படிப் பார்ப்பது என்று கற்றுக்கொண்டேன்.

அடுத்த வருடம் அதை மறந்தேன். சாயங்கால வெளிச்சத்தில் ஒருவன் பள்ளத்தைத் தாண்டி வந்தான். கிளைகளை எண்ணினேன், எட்டு. சட்டப்படி சரி. உடம்பைப் பார்க்கவே இல்லை. கிட்டே போனபோது கொம்பு முழுக்க அவன் காதுகளுக்கு உள்ளேயே அடங்கியிருந்தது. கொம்புத் தண்டு என் சுண்டுவிரல் கனம். குடல் எடுத்த பிறகு 110 பவுண்டு. பெரியவர் டார்ச் அடித்துக் கீழ்த்தாடையைத் திறந்து காட்டினார். முன்னாலிருந்து மூன்றாவது கடைவாய்ப் பல்லில் மூன்று முகடு இருந்தது. அது பால் பல். ஒன்றரை வயதுவாக்கில் அது விழுந்து இரண்டு முகட்டுப் பல் முளைக்கும். இவனுக்கு இன்னும் விழவே இல்லை. பெரியவர் ஒன்றும் குறை சொல்லவில்லை. "நல்ல கறி" என்றார். எனக்குத்தான் இரவு முழுக்க அந்தப் பல் கண்ணிலேயே நின்றது. எட்டு கிளையை ஒன்றரை வயதிலேயே வைத்தவன், இன்னும் மூன்று வருடம் இருந்திருந்தால்?

அன்றிலிருந்து கொம்பைக் கடைசியில்தான் பார்க்கிறேன். ஒன்றரை வயதுப் பக் கொம்பு வைத்த பெட்டை மாதிரி இருப்பான். கழுத்து மெலிவு, கால்கள் உடம்புக்கு மீறிய நீளம், வயிற்றுக் கோடு பின்னால் போகப் போக மேலேறும். இரண்டரையில் கொஞ்சம் சதை பிடிக்கும், ஆனாலும் கால்தான் முதலில் கண்ணில் படும். மூன்றரையில் நவம்பர் மாதத்துக் கழுத்து தடித்து, நெஞ்சு இடுப்பைவிட ஆழமாகிவிடும். நாலரை, ஐந்தரை ஆனவனுக்குக் கால் குட்டையாகிவிட்ட மாதிரி தெரியும், வயிறு தொங்கும், நடையிலேயே அவசரம் இருக்காது. இதைக் கோடையிலேயே காட்டில் கட்டிவைத்த கேமராப் படங்களை வைத்துப் பழக வேண்டும். பரணில் இருக்கும்போது யோசிக்கக் கிடைப்பது சில விநாடிதான். எதைச் சுடுவது, எதை விடுவது என்பதை வீட்டிலேயே முடிவு பண்ணிவிட்டுப் போங்கள்.

"நான் விட்டால் பக்கத்துத் தோட்டத்துக்காரன் சுடுவான்" என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். இளம் பக்குகளில் பாதிக்கும் மேல் பிறந்த இடத்தை விட்டு மைல் கணக்கில் போய்விடும். என் பரணுக்குக் கீழே நிற்பவனும் பெரும்பாலும் வேறு யாரோ ஒருவர் தோட்டத்தில் பிறந்து, வேறு யாரோ விட்டுவைத்தவன்தான். இதை நினைத்த பிறகு அந்த வாதத்தை நான் சொல்வதில்லை.

இன்னொன்று. சின்னவனை விட்டுவிட்டு வெறுங்கையோடு வருவதே பெரிய காரியம் என்று சிலர் பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எங்கள் பெரியவர் தோட்டத்துக்குப் பின்னால் உள்ள காட்டில் முழங்காலுக்கு மேல் ஒரு ஓக் கன்று கிடையாது. எல்லாம் மான் மேய்ந்தது. மான் தின்னாத ஃபெர்ன் மட்டும் பச்சைப்பசேல் என்று தரை முழுக்க. பக்கை விடுகிறவர் பெட்டைக்கான லைசென்ஸ் எடுத்து ஒரு பெட்டையைச் சுட வேண்டும். ஃப்ரீசரும் நிறையும், காடும் கொஞ்சம் மூச்சுவிடும்.

டெக்சாஸ், ஃபயெட் கவுண்டியிலிருந்து

அண்ணா, உங்கள் ஊரில் எண்ணுகிறீர்கள், எங்கள் ஊரில் அளக்கிறோம். 2002இல் ஆறு கவுண்டிகளில் சோதனையாகத் தொடங்கிய விதி, அதில் எங்கள் கவுண்டியும் ஒன்று. இரண்டு கொம்புக்கும் இடையே உள்அகலம் 13 அங்குலம் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு பக்கக் கொம்பாவது கிளையே இல்லாமல் இருக்க வேண்டும். நடுவில் மாட்டிய கிளை வைத்த சின்னவர்கள் எல்லோரும் தப்பித்துக்கொள்வார்கள். அதற்காகத்தான் விதி.

13 அங்குலத்தைப் பரணிலிருந்து எப்படி அளப்பது? காதுதான் அளவுகோல். மான் உஷாராகி இரண்டு காதையும் விரித்து நேராக நம்மைப் பார்க்கும்போது, காது நுனிக்கு நுனி ஏறக்குறைய அவ்வளவு வரும். கொம்பு காதுக்கு வெளியே போயிருந்தால் சுடலாம். ஆனால் காதை முன்னால் மடித்திருந்தால் சின்னவனும் பெரியவனாகத் தெரிவான். நான் காத்திருக்கிற நேரத்தில் பாதி, ஒரு காது திரும்புவதற்காகத்தான்.

இந்த விதிமேல் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. நான்கு வருடமாக ஒரு பக்கைப் பார்க்கிறேன். முதுகு குழிந்து, வயிறு தொங்கி, முகமெல்லாம் நரைத்த கிழவன். கொம்பு நல்ல உயரம், பத்துக் கிளை. ஆனால் அகலம் கிடையாது, இரண்டு தண்டும் கைகூப்பின மாதிரி மேலே போகும். பன்னிரண்டு அங்குலம்கூடத் தேறாது. அவனைச் சுட எனக்கு என்றைக்குமே அனுமதி இல்லை. அதே வாரம் இரண்டரை வயதுக்காரன் ஒருவன் பதினான்கு அங்குலத்தோடு வந்து நின்றான், அவனைச் சுடலாமாம். அவனை நான் விட்டேன். விதி சொல்வது குறைந்தபட்சம்தான் என்று எனக்குப் புரிந்தது அந்த வாரம்தான். கிழவன் போன சீசனும் மக்காச்சோளம் தின்ன வந்தான். பார்க்கவே சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

மிசூரியிலிருந்து

நீங்கள் இருவரும் விடுவதைப் பற்றி எழுதுகிறீர்கள். நான் விடுவதை நிறுத்தினவன்.

எங்கள் கவுண்டியிலும் ஒரு பக்கம் நான்கு பாயிண்ட் என்ற விதி இருந்தது. மான்களின் மூளையைத் தின்று மெலியவைத்துக் கொல்லும் அந்த நோய், சிடபிள்யூடி, பக்கத்தில் கண்டுபிடிக்கப்பட்டதும் எங்கள் கவுண்டியில் விதியை எடுத்துவிட்டார்கள். காரணம், நீங்கள் மேலே எழுதினதேதான் அண்ணா. இளம் பக் பிறந்த இடத்தை விட்டு மைல் கணக்கில் போகிறான். நோய் இருந்தால் அதையும் கூடவே கொண்டுபோகிறான். மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. நோய் வந்த மான் பிழைப்பதும் இல்லை.

விதி போன முதல் சீசனில், இரண்டு பக்கமும் சேர்த்தே நாலு பாயிண்ட் வைத்த ஒருவன் வந்தான். பத்து வருடப் பழக்கம், விரல் டிரிகரைத் தொட மறுத்தது. அப்புறம் சுட்டேன். முதல் வார இறுதியில் சுட்ட மானை நோய் மண்டலத்தில் கட்டாயம் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. வரிசையில் பிக்கப் வண்டிகள். ஒரு சின்னப் பெண் கழுத்தைக் கீறி, இரண்டு நிணநீர் முடிச்சுகளை எடுத்துப் பையில் போட்டு நம்பர் எழுதினாள். முடிவு வரும்வரை கறியைத் தனியாகக் கட்டி வைத்திருந்தோம். என் மனைவி தினமும் கேட்பாள், வந்ததா வந்ததா என்று. நோய் இல்லை என்று வந்த அன்றுதான் மிளகுக் கறி வைத்தோம்.

பென்சில்வேனியாவிலும் 2012லிருந்து இந்த நோய் இருக்கிறது. உங்கள் தோட்டம் எந்த மண்டலத்தில் வருகிறது என்று வருடா வருடம் பார்த்துக்கொள்ளுங்கள். சுட்ட இடத்திலிருந்து தலையையும் முதுகெலும்பையும் மண்டலத்துக்கு வெளியே கொண்டுபோகலாமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்ராறியோவிலிருந்து

அண்ணை, எங்கட பக்கத்தில் இந்த யோசனையே குறைவு. 7.5 சென்ரிமீற்றருக்கு மேலே கொம்பு இருந்தால் கொம்பு மான்தான், பாயிண்ட் எண்ணுறதில்லை. எனக்கு வேலையில் கிடைக்கிற லீவு ஒரு கிழமை. குழுவாக ஆறு பேர் போவோம், இறைச்சியை ஆறாகப் பிரிப்போம். முதல் வாற மானை விட்டால் அடுத்தது வருமோ தெரியாது. போன வருசம் கடைசி நாள், பனி கொட்டக் கொட்ட ஒரு ஸ்பைக் வந்தது, சுட்டம். நான் அதுக்குக் கவலைப்படேல்லை. ஆனால் நீங்கள் எழுதின பல்லுக் கதையை வாசிச்ச பிறகு, இந்த முறை தாடையைத் திறந்து பார்க்கிறதாக இருக்கிறன்.

மறுபடி, பென்சில்வேனியாவிலிருந்து

மிசூரி நண்பருக்கு நன்றி. இதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். ஒன்ராறியோத் தம்பி, உங்கள் ஸ்பைக்கில் ஒரு தப்பும் இல்லை. இதற்கு என் மகள்தான் சாட்சி.

அவளுக்குப் பதின்மூன்று வயது, ஜூனியர் லைசென்ஸ். ஜூனியர்களுக்கு இந்த மூன்று பாயிண்ட் விதி கிடையாது, மூன்று அங்குல ஸ்பைக்கையும் சுடலாம். ஆரஞ்சு வெஸ்ட் அவளுக்குத் தொளதொளவென்று இருந்தது. என் முழங்காலோடு முழங்கால் ஒட்டி உட்கார்ந்திருந்தாள். இரண்டாம் நாள் மத்தியானம் ஒரு ஸ்பைக் வந்தான். நாற்பது கஜம், பக்கவாட்டில். நான் வாயைத் திறக்கப் போனேன்: "இவன் சின்னவன்மா, விட்டுடலாம்." அவள் என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்: "நீங்க விட்டா சரிப்பா. நான் ஏன் விடணும்?"

எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. விடுவது என்று நான் முடிவெடுத்ததற்கு என் வருடங்கள் இருந்தன, அந்தப் பல் இருந்தது. அவளுக்கு இது முதல் மான். நான் வாயை மூடிக்கொண்டேன். அவள் மூச்சை இழுத்து, பாதி விட்டு, நிறுத்தினாள். முப்பது கஜம்கூட அவன் ஓடவில்லை.

கிட்டே போய் மண்டிபோட்டு, கழுத்தில் கை வைத்தபடியே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் அழுதாள். அப்புறம் சுட்ட மானில் கட்டும் டேக்கை அவளே எழுதினாள், குடலை இருவருமாக எடுத்தோம். தாடையைத் திறந்து மூன்றாவது பல்லை நான் காட்டினேன். விரலால் மூன்று முகட்டையும் தொட்டு எண்ணினாள்.

அந்த இரண்டு ஸ்பைக்கும் இப்போது அவள் படிக்கிற மேசையில் இருக்கின்றன. இந்த வருடமும் வருகிறாள். கோடை முழுக்கக் கேமராப் படங்களைப் பார்த்து, "இவன் ரெண்டரைப்பா, காலைப் பாருங்க" என்று எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறாள். எதைச் சுடப் போகிறாள் என்று நான் கேட்கவில்லை.