அக்ரிமென்ட் போடும் முன்பே சதுர அடிக்கு 230 ரூபாய் ஏற்றிவிட்டார் கான்ட்ராக்டர், என்ன செய்யலாம்?

சூலூர்வாசி
எல்லோருக்கும் வணக்கம். கோவை சூலூர் பக்கம் 4 சென்ட் இடம் இருக்கிறது. தரைத்தளமும் மாடியும் சேர்த்து 1,650 சதுர அடி வீடு. ஆவணியில் ஒரு கான்ட்ராக்டரிடம் கொட்டேஷன் வாங்கினோம், மெட்டீரியலோடு சதுர அடிக்கு 2,250 என்று சொன்னார். ஆள் தெரிந்தவர் வழியாக வந்தவர், பேச்சும் பிடித்திருந்தது, அதனால் பிளான் வேலைக்கு 50,000 ஜிபே செய்துவிட்டேன். சுயசான்று முறையில் (விதிப்படிதான் கட்டுவேன் என்று நாமே உறுதி கொடுத்து வாங்குவது) அப்ரூவலும் வந்துவிட்டது. தை 12 வாஸ்து நாளில் பூமி பூஜை என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லியும் ஆகிவிட்டது.

போன வாரம் அக்ரிமென்ட் எழுதலாம் என்று போனால், "சார், எல்லாமே ஏறிப்போச்சு, இப்ப 2,480தான் கட்டும்" என்கிறார். கணக்குப் போட்டால் 3,79,500 ரூபாய் கூடுகிறது. வங்கியில் 37,12,500 எஸ்டிமேட்டுக்கு 28 லட்சம் லோன் சாங்ஷன் ஆகியிருக்கிறது. கையில் இருப்பது 10 லட்சம்தான். வீட்டில் நகையை வைக்கலாம் என்கிறார்கள், எனக்கு மனசே வரவில்லை. பழைய ரேட்டுக்கே செய்யச் சொல்லிக் கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா? வேறு ஆளிடம் போனால் இந்த பிளானும் அப்ரூவலும் செல்லுமா?

மேஸ்திரி மகன்
முதலில் அந்தக் கொட்டேஷன் தாளை எடுத்துப் பாருங்கள். எத்தனை நாளைக்குச் செல்லும் என்று கடைசியில் ஒரு வரி இருக்கும். பெரும்பாலும் 30 நாள்தான் போடுவார்கள். ஆவணியில் வாங்கி மார்கழியில் கையெழுத்துப் போடப் போனால் பழைய ரேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது. கையெழுத்து இல்லாதவரை அவருக்கும் கட்டாயம் இல்லை, உங்களுக்கும் இல்லை. இன்றைக்கு உங்கள் பலமே இதுதான், அதை விட்டுவிடாதீர்கள்.

அப்ரூவல் உங்கள் பேரில்தானே விண்ணப்பித்து வாங்கியது? அது உங்களுடையது. ஸ்ட்ரக்சுரல் டிராயிங் (அஸ்திவாரம், தூண், கம்பி அளவு காட்டும் வரைபடம்) முழு செட்டையும் அவரிடமிருந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், 50,000 கொடுத்தது அதற்குத்தான்.

பொறியாளர் 17 வருடம்
நண்பரே, "எல்லாமே ஏறிப்போச்சு" என்பதை அப்படியே ஏற்க வேண்டாம், பொய் என்று சண்டைக்கும் போக வேண்டாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நாங்கள் தோராயமாகச் சதுர அடிக்கு 4 கிலோ கம்பி, 0.4 மூட்டை சிமென்ட் என்று எடுப்போம். கம்பியை மட்டும் வைத்து 230 ரூபாய் ஏற வேண்டுமென்றால் கிலோவுக்கு 57 ரூபாய் ஏறியிருக்க வேண்டும், கிட்டத்தட்ட விலையே இரட்டிப்பு. அப்படி எதுவும் நடக்கவில்லை. சிமென்டில் நடந்தது நேர்மாறு. 2025 செப்டம்பர் 22 முதல் சிமென்டுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. வரியோடு 350 ரூபாய் விற்ற மூட்டையில் அந்த வரிக்குறைப்பு மட்டும் சுமார் 27 ரூபாய். உங்கள் வீட்டுக்கு 660 மூட்டை என்று வைத்தால் 17,000 ரூபாய்க்கு மேல் குறைய வேண்டிய இடம் அது. கம்பெனிக்காரன் அடிப்படை விலையைக் கூட்டிவிட்டான் என்று சொல்வார், இருக்கலாம், பில்லைக் காட்டச் சொல்லுங்கள்.

எம்சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்), பிசாண்ட் (அதிலேயே பூச்சுக்கான நைஸ் மணல்), ஜல்லி எல்லாம் சேர்த்து உங்களுக்கு 50, 52 யூனிட் வரும். (யூனிட் என்றால் 100 கன அடி.) யூனிட்டுக்கு முழுசாக 1,000 ரூபாய் ஏறியது என்றே வைத்துக்கொண்டாலும் மொத்தம் 52,000, சதுர அடிக்கு 32 ரூபாய்கூட வராது. 2025 ஏப்ரலில் கிரஷர்க்காரர்கள் வேலைநிறுத்தம் நடந்தபோது எங்களுக்கே கை கடித்தது உண்மை, ஆனால் உங்கள் கொட்டேஷன் அதற்கு அப்புறம் போட்டது.

ஆக 230இல் பொருள் விலை சின்னப் பங்குதான். மீதி கூலியாக இருக்கலாம், முதலில் அவர் விட்டுப்போன ஐட்டமாக இருக்கலாம். சூலூர் என்றதும் எனக்கு முதலில் தோன்றியது மண். கரிசலா? மண் பரிசோதனை செய்தீர்களா?

சூலூர்வாசி
ஆமாங்க, மேலே கரிசல்தான். பரிசோதனை செய்யவில்லை. அவரும் கேட்கவில்லை, எனக்கும் தெரியவில்லை.

பொறியாளர் 17 வருடம்
அங்கேதான் விஷயம் இருக்கிறது. கரிசல் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கி வெடிக்கும். அஸ்திவாரத்தைக் கரிசலைத் தாண்டிக் கீழே உறுதியான மண்ணில் உட்கார வைக்க வேண்டும். கொட்டேஷனில் 5 அடி ஆழம் என்று போட்டுவிட்டு, பக்கத்து சைட்டில் 7 அடி தோண்டியதை அப்புறம் பார்த்திருப்பார். அப்படியென்றால் அவர் கேட்பதில் ஒரு பகுதி நியாயம், அதை வெட்டச் சொல்லாதீர்கள், வெட்டினால் வெடிப்பு உங்கள் சுவரில்தான் வரும். ஆனால் அதைச் சதுர அடி ரேட்டில் கரைக்க விடாதீர்கள். அஸ்திவாரத்துக்கு ஆகும் கூடுதல் செலவை மாடி சதுர அடிக்கும் சேர்த்து ஏன் கொடுக்க வேண்டும்? மண் பரிசோதனை செய்து, குறிப்பிட்ட ஆழத்துக்குக் கீழே போகும் தோண்டலும் கான்கிரீட்டும் தனி ரேட், அளந்து பணம் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

கவுண்டம்பாளையம் அக்கா
தம்பி, நான் 2023இல் வீடு கட்டி முடித்தவள். எங்களுக்கும் இதே கதைதான், ஆனால் நாங்கள் கையெழுத்துப் போட்ட பிறகு மாட்டினோம். ரேட்டைப் பார்த்தோமே தவிர எதை அளக்கிறார்கள் என்று பார்க்கவில்லை. போர்ட்டிகோ, படிக்கட்டு ஹெட்ரூம் (மொட்டை மாடியில் படிக்கு மேலே வரும் கூரை அறை) எல்லாம் முழு அளவு பிடித்துவிட்டார்கள். காம்பவுண்ட், செப்டிக் டேங்க், தண்ணீர்த் தொட்டி தனி என்று பாதி வேலையில்தான் சொன்னார்கள். நான் இரண்டு வளையலை அடகு வைத்தேன், இன்னும் திருப்பவில்லை. அதனால்தான் சொல்கிறேன், நகையில் கை வைக்கும் முன்னால் அவரை உட்கார வைத்து ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

இன்னொன்று, 2,480 வரியோடா, வரி இல்லாமலா? தனியாக 18 சதவீதம் என்று கடைசியில் சொன்னால் அது மட்டுமே 7 லட்சத்தைத் தாண்டும். நீங்கள் கவலைப்படும் 3,79,500ஐ விட அது பெரிசு.

மேஸ்திரி மகன்
அக்கா சொன்னது முக்கியம். விலை ஏற்றத்துக்கும் ஒரு ஷரத்து எழுதுங்கள். கையெழுத்துப் போடும் நாளில் கம்பி, சிமென்ட் விலை இவ்வளவு, அதிலிருந்து 5 சதவீதத்துக்கு மேல் ஏறினால் அந்த வித்தியாசம் மட்டும் பில்லின்படி நான் தருவேன், இறங்கினால் நீ கழிக்க வேண்டும் என்று. அவருக்கும் பயம் போய்விடும். பயத்தில்தான் பாதிப் பேர் முன்கூட்டியே ஏற்றி வைக்கிறார்கள், என் அப்பாவும் அப்படித்தான் செய்வார்.

சொந்த இடத்தில் கட்டுவதால் ரெரா (பில்டர்களிடம் வீடு, மனை வாங்குபவர்களுக்கான ரியல் எஸ்டேட் சட்டம்) இதில் வராது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், ஆனால் அதற்கு எழுத்தில் ஏதாவது இருக்க வேண்டும். 50,000க்கு ரசீது வாங்கினீர்களா?

சூலூர்வாசி
ரசீது இல்லை, ஜிபே மட்டும்தான். இன்றைக்கே கேட்டு வாங்குகிறேன். என் பெரிய பயம் தேதிதான். தை 12ஐ விட்டால் அடுத்த வாஸ்து நாள் மாசி 22. அவருக்கும் அது தெரியும், அதனால்தான் "சீக்கிரம் முடிவு சொல்லுங்க" என்று நெருக்குகிறார்.

கவுண்டம்பாளையம் அக்கா
தம்பி, பூமி பூஜை உங்கள் இடத்தில் நீங்கள் போடுவது. அதற்கு எதுக்கு அக்ரிமென்ட்? தை 12 அன்று ஐயரை வரச் சொல்லி, குடும்பத்தோடு ஈசானி மூலையில் பூஜையை முடித்துவிடுங்கள். கையெழுத்து பத்து நாள் கழித்து ஆகட்டும்.

சூலூர்வாசி
பதில் சொன்ன எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அக்கா சொன்னது எங்கள் யாருக்குமே தோன்றவில்லை. அப்படியே செய்தோம், பூஜை நல்லபடியாக முடிந்தது.

மண் பரிசோதனையில் கரிசல் 6 அடி வரை இருப்பதாக வந்தது. அதை வைத்துக்கொண்டு அவரிடம் பிரித்துக் கேட்டேன். அஸ்திவாரத்துக்கு 110, பொருளுக்கு 60, கூலிக்கு 60 என்றார். மேலே இருக்கும் கணக்கை அப்படியே காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம் பொருளுக்கு வைத்ததை எடுத்துவிட்டு 5 சதவீத ஷரத்துக்கு ஒத்துக்கொண்டார். கூலி 40. ஆக ரேட் 2,290, வரி உட்பட என்று எழுதியாகிவிட்டது. அஸ்திவாரம் அளந்து தனியாக, சுமார் 1,55,000 வரும் என்கிறார். மொத்தம் 39,33,500. அவர் முதலில் கேட்டதை விட 1,58,500 குறைவு, ஆனாலும் நான் நினைத்ததை விட 2,21,000 அதிகம். வங்கியில் திருத்திய எஸ்டிமேட் கொடுத்திருக்கிறேன், லோனைக் கூட்டித் தருவார்களா என்று அடுத்த வாரம் தெரியும். கூட்டவில்லை என்றால் மாடியில் ஒரு அறையைப் பூசாமல் விட்டுவைக்கலாம் என்று வீட்டில் பேசியிருக்கிறோம். நகை பீரோவிலேயே இருக்கட்டும்.

ஹெட்ரூமைப் பாதி அளவாகப் பிடிக்கச் சொல்லலாமா, அது வழக்கத்தில் உண்டா?

பொறியாளர் 17 வருடம்
உண்டு. கேளுங்கள், போர்ட்டிகோவையும் சேர்த்துக் கேளுங்கள்.