எந்த ‘ரெண்டாவது’? மெயில் பதிலில் மாட்டிக்கொண்ட அனுபவங்கள்

செவ்வாய்ப்பேட்டையில் இருந்து:

கொலுசுப் பட்டறை ஒன்றில் கணக்கும் மெயிலும் என் பொறுப்பு. போன தை மாதம் வெளியூர்க் கடைக்காரர் ஒருவருக்கு மூன்று கேள்விகள் அனுப்பினேன். டச், அதாவது வெள்ளியின் சுத்தம், 80-ஆ, 92.5-ஆ? பூட்டு திருகா, கொக்கியா? முத்து ஒற்றை வரிசையா, இரட்டையா? பதில் வந்தது: "சரி தம்பி, ரெண்டாவதே போதும்." அதற்குக் கீழே என் மெயில் முழுசாக, அதற்கும் கீழே ஆறு மாதப் பழங்கதை, கூரியர் ரசீது வரை.

எந்த ரெண்டாவது? மூன்று கேள்விக்கும் ரெண்டாவது ஒன்று இருக்கிறதே. போன் போட்டுக் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. எல்லாவற்றுக்கும்தான் என்று நினைத்து 92.5-க்குச் சொல்லிவிட்டேன். அவர் சொன்னது கொக்கியை மட்டும். நாற்பது ஜோடியும் திரும்பி வந்தது. செய்கூலி எங்கள் தலையில்.

இப்போதெல்லாம் எந்த வரிக்குப் பதில் சொல்கிறேனோ அதை மட்டும் வைத்துக்கொண்டு, அதன் அடியிலேயே எழுதுகிறேன். மீதியை வெட்டிவிடுவேன். இது நான் கண்டுபிடித்ததில்லை. 1995-ல் வந்த ஆர்எஃப்சி 1855 என்ற இணைய நாகரிகக் குறிப்பே, விஷயம் புரியும் அளவுக்கு மட்டும் பழைய மெயிலை வைத்தால் போதும் என்கிறது. வரிக்கு முன்னால் > ஒன்று இருந்தால் முந்தைய மெயில், இரண்டு இருந்தால் அதற்கும் முந்தையது. கடைக்காரரிடம் இதையெல்லாம் சொல்ல முடியுமா? அதனால் கேள்விகளுக்கு 1, 2, 3 என்று எண் போட்டுவிடுகிறேன்.

ஏற்காட்டில் இருந்து:

உங்களுக்குக் கூலி போச்சு, எனக்கு மானமே போச்சு அண்ணா. காபி எஸ்டேட்டில் ரைட்டர் வேலை. 50 கிலோ மூட்டை என்ன விலை என்று ஒரு வியாபாரி கேட்டிருந்தார். முதலாளியோடு பேசிக்கொண்டிருந்த அதே மெயிலில் ரிப்ளை கொடுத்து, அவர் முகவரியையும் சேர்த்து, மேலே விலையை மட்டும் எழுதி அனுப்பினேன். ஜிமெயிலில் பழைய பேச்சு மூன்று புள்ளிக்குள் மடங்கிக் கிடக்கும், நம் கண்ணில் படாது. அவர் கண்ணில் பட்டுவிட்டது. மறுநாள் காலை பதில்: "மூட்டைக்கு 300 ரூபாய் வரை குறைக்கலாம்னு உங்க முதலாளியே எழுதியிருக்காரே சார்?"

முதலாளி திட்டவில்லை. மிளகுக்கொடி பார்க்கிறேன் என்று தோட்டத்துக்குள் போனவர் மதியம்வரை வரவே இல்லை.

அஸ்தம்பட்டியில் இருந்து:

வெட்டுங்கள், ஆனால் பார்த்து வெட்டுங்கள். எங்கள் அடுக்குமாடியில் லாரித் தண்ணீர்ச் செலவைப் பற்றி நான் எழுதியது: "வீட்டுக்கு வீடு சமமாகப் பங்கிட வேண்டும் என்கிறார்கள், எனக்கு உடன்பாடில்லை." ஒருவர் முதல் பாதியை மட்டும் என் பெயரோடு எடுத்துப்போட்டு, "சார் சொன்னதுதான் நியாயம்" என்று எல்லோருக்கும் பதில் அனுப்பிவிட்டார். தனியாக இருக்கும் எதிர்வீட்டுப் பாட்டி அன்று மாலை மாடிப்படியிலேயே பிடித்துக்கொண்டார்: "ஒரு குடம் தண்ணிக்கு நானும் அதே காசா, தம்பி?"