பைக்குக்கு மலிவான டார்க் ரெஞ்ச்: உங்கள் அனுபவம் என்ன?

போல்ட்டைக் குறித்த அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் டார்க் ரெஞ்சைத் தேடினால் முதலில் வந்து நிற்பது, நாம் வைத்த அளவு வந்ததும் ‘க்ளிக்’ என்று சொல்லும், அரை இஞ்ச் சாக்கெட் மாட்டுகிற பெரிய க்ளிக் ரெஞ்ச்தான். இறுக்கும் அளவு 40 முதல் 210 நியூட்டன் மீட்டர் வரை என்று போட்டிருக்கும், விலையும் கையைக் கடிக்காது. என்னிடமும் ஒன்று இருக்கிறது, பின்சக்கர ஆக்சில் நட்டுக்கு அருமை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் பைக்கில் நாம் அடிக்கடி கழற்றி மாட்டுவது 6 எம்எம் போல்ட்கள், அதற்கு 10, 12 நியூட்டன் மீட்டர்தான் வேண்டும், அந்த அளவு இந்த ரெஞ்சில் கிடையவே கிடையாது. நண்பர் ஒருவர் இதே மாதிரி ரெஞ்சை அளவுக்கோட்டுக்குக் கீழே இறக்கிவைத்து கிளட்ச் கவரை முடுக்கினார். க்ளிக் வரும் வரும் என்று காத்திருந்ததில், இறுகிக்கொண்டே வந்த போல்ட் திடீரென்று வெண்ணெயில் சுற்றுவதுபோல இலகுவாகச் சுற்ற ஆரம்பித்தது. வெளியே எடுத்தால் அலுமினிய மரை ஸ்பிரிங் போலச் சுருண்டு போல்டோடு சேர்ந்து வந்துவிட்டது. ±4 சதவீதத் துல்லியம் என்று அட்டையில் இருந்தாலும், அது பொதுவாக உச்ச அளவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேலேதான் செல்லும். அதனால் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 5–25 அளவுள்ள கால் இஞ்ச் ரெஞ்சை வாங்குங்கள். ஆயில் ட்ரெயின் போல்ட், ஸ்பார்க் பிளக் எல்லாம் பல வண்டிகளில் அதற்குள்ளேயே அடங்கிவிடும், மேனுவலை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

---

அண்ணா சொன்னது சரி. ஆக்சிலுக்கு நான் வைத்திருப்பது பழைய முள் வகை ரெஞ்ச். க்ளிக்கும் இல்லை, ஸ்பிரிங்கும் இல்லை, ஒரு கம்பி வளைவதை முள் காட்டுகிறது, அவ்வளவுதான். முள் பூஜ்ஜியத்தில் நிற்காவிட்டால் கையாலேயே லேசாக வளைத்துச் சரிசெய்யலாம். நேர் எதிரே கண்ணை வைத்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் தொல்லை, சைலன்சருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் போல்ட் என்றால் கழுத்து சுளுக்கிவிடும்.

---

மலிவு ரெஞ்சை எப்படி நம்புவது என்று யாராவது கேட்பார்கள், அதனால் நான் செய்வதைச் சொல்கிறேன். ரெஞ்சின் சதுர முனையை வைஸில் பிடித்து, ரெஞ்சைப் படுக்கைவாட்டில் வைத்து, முனையிலிருந்து 25 சென்டிமீட்டரில், அது கைப்பிடியின் நடுவில் வந்தால் நல்லது, 5 லிட்டர் தண்ணீர் கேனைத் தொங்கவிடுவேன். கணக்குப்படி 12.3 நியூட்டன் மீட்டர் வரும், கேனும் ரெஞ்சும் தங்கள் எடையைக் கொஞ்சம் சேர்க்கும். 11-இல் வைத்தால் க்ளிக் வர வேண்டும், 15-இல் வைத்தால் வரக் கூடாது. இதில் எது தவறினாலும் திருப்பி அனுப்பிவிடுங்கள். அப்புறம், வேலை முடிந்ததும் ரெஞ்சில் உள்ள ஆகக் குறைந்த அளவுக்கு இறக்கிவையுங்கள், அதற்கும் கீழே திருக வேண்டாம். அதை வைத்து போல்ட்டைக் கழற்றவும் கூடாது, அதற்குச் சாதாரண ராட்செட் இருக்கிறதே.

---

க்ளிக் கேட்டதும் நிறுத்துங்கள், சந்தேகத்துக்கு இன்னொரு க்ளிக் என்று அழுத்தினால் கூடுதலாக இறுகிவிடும். மரையில் ஆயிலோ கிரீஸோ பட்டிருந்தாலும் அதே கதைதான், உராய்வு குறைந்து அதே அளவில் போல்ட் அதிகமாக இழுபடும், மேனுவலில் எண்ணெய் போடச் சொல்லாத இடத்தில் துடைத்துவிட்டு மாட்டுங்கள். பழைய மேனுவலில் கேஜிஎஃப் மீட்டர் என்று இருந்தால், நியூட்டன் மீட்டராக மாற்ற 9.8-ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும்.

சின்ன ரெஞ்சில் க்ளிக் சத்தம் காதில் விழாது, கையில்தான் தெரியும். கையுறை போட்டுக்கொண்டு வேலை செய்பவர்கள் யாராவது இருந்தால், அதை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று சொல்லுங்களேன்.