நான்கு வரிக்கு ஒரு சொல்: ‘கையொப்பம்’ போதாது, ‘கடையொப்பம்’ எப்படி?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். நேற்றிரவு வரை வந்த மடல்களை எல்லாம் வாசித்துவிட்டே எழுதுகிறேன். ‘தொடக்ககால இணையமும் சிறு வணிகமும்’ பகுதிக்கான சொற்பட்டியலில் ‘விளம்பரப் பட்டை’, ‘வருகை எண்ணி’, ‘விருந்தினர் ஏடு’, ‘இணைப்புப் பரிமாற்றம்’ எல்லாம் பெரிய சண்டையின்றி முடிந்துவிட்டன. மடலின் அடியில் தானாக ஒட்டிக்கொள்ளும் சில வரிகளான ‘சிக்னேச்சர் ஃபைல்’ என்பதற்குத் தமிழ்ச் சொல் மட்டும் பத்து நாட்களாக இழுத்துக்கொண்டிருக்கிறது. புதிதாகச் சேர்ந்த மாணவர் ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்:

> மடலுக்கு அடியில் பெயரும் ஊரும் போடுவதற்கு இத்தனை விவாதம் தேவையா? ‘கையொப்பம்’ என்று எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகலாமே?

தம்பி, கேட்டது நல்லதாயிற்று. அந்த நான்கு வரிகள் ஒரு காலத்தில் என்ன வேலை செய்தன என்று தெரிந்தால்தான் சொல்லைத் தேட முடியும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

யுனிக்ஸ் இயங்குதளத்தில் கணக்கு வைத்திருந்தவர்களுக்கு நினைவிருக்கும். நம் அடைவில் ஒரு சிறு கோப்பு இருக்கும். பெயர் புள்ளியில் தொடங்கும். அதில் எழுதி வைத்ததை மடல் நிரல் ஒவ்வொரு மடலின் அடியிலும் தானாக ஒட்டிவிடும். மடலுக்கும் அதற்கும் நடுவே ஒரு வரியில் இரண்டு சிறுகோடுகளும் அவற்றை அடுத்து ஓர் இடைவெளியும் வர வேண்டும். அந்த இடைவெளியை விட்டுவிட்டால் எதிர்முனையில் உள்ள நிரலுக்கு அடையாளம் தெரியாது. மறுமொழி எழுதுகிறவரின் மடலில் நம் நான்கு வரிகளும் தொங்கிக்கொண்டே போகும். 1995 அக்டோபரில் வந்த ஆர்.எஃப்.சி. 1855 என்ற இணைய நடத்தை நெறி, நான்கு வரிக்கு மேல் போகாதீர்கள் என்று சொன்னதோடு, பலர் நிமிடக் கணக்கில் இணைப்புக்குப் பணம் கட்டுகிறார்கள் என்று காரணத்தையும் சொன்னது. இன்னொருவர் காசில் நம்மைப் பற்றிப் பேசுகிறோம் என்ற கூச்சம் அந்த நெறியில் இருக்கிறது. எனக்கு அது மிகவும் பிடிக்கும்.

இதில் வணிகம் எங்கே வந்தது? அமெரிக்காவில் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் முதுகெலும்பு வலை 1995 ஏப்ரல் இறுதியில் ஓய்வு பெறும்வரை, அதன்மேல் வணிகப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு இருந்தது. கட்டுப்பாடு போன பிறகும் பழக்கம் போகவில்லை. யூஸ்நெட் என்ற பொது விவாதப் பலகையின் செய்திக் குழுக்களிலும் மடற்குழுக்களிலும் விளம்பரம் போட்டால் விரட்டுவார்கள். கட்டுப்பாடு இருந்த காலத்திலேயே, 1994 ஏப்ரலில், அரிசோனாவைச் சேர்ந்த கேன்டர், சீகல் என்ற வழக்கறிஞர் இணையர், அமெரிக்காவில் நிரந்தரமாகக் குடியிருக்க அனுமதி தரும் கிரீன் கார்டு குலுக்கலுக்குத் தாங்கள் விண்ணப்பித்துத் தருவதாக ஆயிரக்கணக்கான செய்திக் குழுக்களில் ஒரே விளம்பரத்தைப் போட்டார்கள். புகார் மடல்கள் வந்து குவிந்ததில், அவர்களுக்கு இணைப்புக் கொடுத்திருந்த நிறுவனத்தின் கணினி மீண்டும் மீண்டும் படுத்துவிட்டது. அவ்வளவு கோபம்.

அதே ஆட்கள் மடலின் அடியில் நான்கு வரி இருப்பதை மட்டும் பொறுத்துக்கொண்டார்கள். கேட்ட கேள்விக்கு உருப்படியாக விடை சொல். பிறகு அடியில் நீ யார், என்ன தொழில் செய்கிறாய் என்று போட்டுக்கொள், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். எழுதப்படாத ஒப்பந்தம் இது. பட்டை விளம்பரத்துக்குப் பணம் இல்லாதவன், சொந்த இணையதளம் கட்ட வசதி இல்லாதவன், அறிவை முன்னே வைத்துத் தொழிலைப் பின்னே வைக்க இந்த ஒரு வழி இருந்தது.

என் சித்தப்பா தஞ்சாவூரில் வீணை செய்பவர். 1997இல் சென்னையில் என்னிடம் ஒரு ஷெல் கணக்கு இருந்தது. படமில்லை, வெறும் எழுத்து. கர்நாடக இசை ரசிகர்களின் மடற்குழு ஒன்றில் டொரன்டோவிலிருந்து ஓர் அம்மையார் எழுதியிருந்தார்: வெயிலில் நிறுத்திய காருக்குள் வீணை அரை நாள் இருந்துவிட்டது, நான்கைந்து மெட்டுகள் நகர்ந்துவிட்டன, சுருதியே சேரவில்லை. தந்திகளுக்கு அடியில் வரிசையாக இருக்கும் உலோகத் துண்டுகளான மெட்டுகள் மெழுகின்மேல் உட்கார்ந்திருப்பவை. சூடு பட்டால் மெழுகு இளகும். நான் மடலை அச்செடுத்து ஊருக்குப் போகும்போது கொண்டுபோனேன். சித்தப்பா படித்துப் பார்த்துவிட்டு, மெட்டுகளை விரலால் அழுத்திச் சரிசெய்யாதே, வீணையை நிழலில் கிடத்து, மெழுகு முழுவதும் இறுகட்டும், எந்தெந்த மெட்டு எவ்வளவு நகர்ந்தது என்று நூல் வைத்து அளந்து எழுது என்று சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன். பெரும்பாலும் முழு மேளமும், அதாவது மெழுகும் மெட்டுகளும் சேர்ந்த அமைப்பு முழுவதும், பிரித்துக் கட்ட வேண்டியிருக்கும், அதுவரை தந்திகளைத் தளர்த்தி வை என்பதையும் சேர்த்தார். சென்னைக்குத் திரும்பி ஆங்கிலத்தில் தட்டி அனுப்பினேன். அடியில் இருந்த வரிகளைத் தமிழில் தருகிறேன்:

வீணை, தம்பூரா: புதிதாகச் செய்தல், பழுது பார்த்தல்
பலா மரம்; மேளம் மாற்றிக் கட்டித் தரப்படும்
தஞ்சாவூர்
விடை எழுதியவர் வீணை ஆசாரி. தட்டியவர் அண்ணன் மகன்

நான்காம் வரி சித்தப்பா சொன்னது. யார் அறிவு, யார் விரல் என்று தெரிய வேண்டும் என்றார். அந்த அம்மையார் அடுத்த விடுமுறையில் வீணையைத் தூக்கிக்கொண்டே ஊருக்கு வந்தார். அதற்குப் பின் இரண்டு ஆண்டுகளில் அந்தக் குழுவிலிருந்து ஒன்பது பேர் புதுவீணைக்கோ மேளம் கட்டவோ எழுதினார்கள். ஆண்டுக்குச் சில வீணைகளே செய்கிற பட்டறைக்கு ஒன்பது பேர் என்பது பெரிய எண்ணிக்கை. ஒரு காசு விளம்பரச் செலவு இல்லை.

இனிச் சொல்லுக்கு வருகிறேன்.

> இன்றைய மின்னஞ்சல் செயலிகளில் ‘கையொப்பம்’ என்றே இருக்கிறது. புழக்கத்தில் உள்ளதை ஏன் கலைக்க வேண்டும்?

நியாயமான வாதம். ஆனால் 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் வந்ததிலிருந்து மின்வழிக் கையொப்பம் என்பதற்குச் சட்டப்பொருள் ஏறிவிட்டது. அது மறையாக்கத்தால், அதாவது செய்தியை இரகசியக் குறியீடாக மாற்றும் முறையால், ஆளை மெய்ப்பிப்பது. நாம் பேசுகிற நான்கு வரி எதையும் மெய்ப்பிப்பதில்லை. யாரும் எந்தப் பெயரையும் தட்டலாம். எனக்குத் தெரிந்த சிறு அச்சகக்காரர் ஒருவர் ஓர் ஒப்பந்தப்புள்ளிக்கு மின்வழி விண்ணப்பித்தார். ‘கையொப்பமிட்டு அனுப்புக’ என்று தமிழில் குறிப்பு இருந்தது. மனிதர் மடலின் அடியில் பெயர், அச்சகத்தின் முகவரி, தொலைபேசி எண் எல்லாம் பளிச்சென்று வைத்து அனுப்பினார். விண்ணப்பம் தள்ளுபடி ஆனது. இரண்டு வேறு பொருளுக்கு ஒரே சொல்லை வைத்ததன் விலை அது. அந்த விலையைக் கொடுத்தது சொல்லை வைத்தவர்கள் இல்லை, அச்சகக்காரர்.

> ‘முத்திரை’ அழகாக இருக்குமே. கீர்த்தனையில் வாக்கேயக்காரரின் முத்திரை வருவதில்லையா?

புதுச்சேரி நண்பரின் இந்த யோசனை எனக்கு இரண்டு நாள் தூக்கத்தைக் கெடுத்தது, அவ்வளவு நெருங்கி வந்த சொல். கீர்த்தனைகளை இயற்றிய முத்துசுவாமி தீட்சிதர் அவற்றில் தம் அடையாளமாக ‘குருகுஹ’ என்று வைப்பது கிட்டத்தட்ட இதே காரியம்தான். ஆனால் தரமுத்திரை, அஞ்சல் முத்திரை, முத்திரைத் தாள் என்று வணிக உலகில் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே கை நிறைய வேலை. வணிகப் பகுதிக்கான பட்டியலிலேயே குழப்பம் வரும்.

‘அடிவிளம்பரம்’ வேண்டாம். அது விளம்பரம் ஆகாதிருந்ததால்தான் பிழைத்தது. ‘இப்படிக்கு’ என்பதையே பெயர்ச்சொல் ஆக்கலாம் என்ற குழும அம்மையார் ஒருவரின் யோசனையில் மடல் வாசனை இருக்கிறது. ஆனால் ‘இப்படிக்கைத் திருத்தினேன்’, ‘உங்கள் இப்படிக்கில்’ என்று வேற்றுமை ஏற்றிப் பாருங்கள், நாக்கு ஒத்துழைக்கவில்லை. ‘கைநாட்டு’ எழுதப் படிக்கத் தெரியாதவர்களைக் குத்தும் சொல்லாகிவிட்டது. அதைத் தொட வேண்டாம்.

எனக்கு வழி காட்டியது தேவாரம். சம்பந்தர் பதிகங்களில் கடைசிப் பாட்டுக்குத் திருக்கடைக்காப்பு என்று பெயர். அதில் அவர் தம் பெயரைச் சொல்வார், தம் ஊராகிய காழியை, அதாவது சீர்காழியை, பெரும்பாலும் அதன் பன்னிரண்டு பெயர்களில் ஒன்றால் சொல்வார், இந்தப் பதிகத்தைப் பாடுவோருக்கு என்ன பயன் என்றும் சொல்வார். பெயர், ஊர், பயன். முதலில் பாட்டு முழுவதும் பாடி முடித்துவிட்டு, கடைசியில் ஒரே செய்யுளில் இம்மூன்றும். அமைப்பு அப்படியே பொருந்துகிறது.

‘கடைக்காப்பு’ என்றே வைத்துவிடலாமா என்று ஓர் ஐயாவிடம் தனி மடலில் கேட்டேன். ஓதுகிறவர்களுக்கு அது வழிபாட்டுச் சொல், வீணை விற்கவும் அச்சகம் நடத்தவும் அதை இறக்காதீர்கள் என்றார். ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அதிலிருந்து ‘கடை’யை எடுத்துக்கொள்ளலாம். ‘கடை’ என்றால் முடிவு. கடைமடை என்பதைத் தஞ்சைக்காரனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ‘கடை’ என்றால் அங்காடி. ‘கடை’ என்றால் வாயிலும்தான். கலிங்கத்துப்பரணியில் வரும் கடைதிறப்பு கதவு திறப்பதைப் பற்றியது. மடலின் முடிவில், சிறு வணிகரின் அங்காடிக்கு ஒரு வாயில். மூன்று பொருளும் இந்த நான்கு வரிக்கு உண்மையாகவே பொருந்துகின்றன. வேறெந்த மொழிக்காரருக்கும் இந்த வாய்ப்பு இருக்குமா தெரியவில்லை. நாம் ஏன் விட வேண்டும்?

முதலில் ‘கடைவரி’ என்று நினைத்தேன். வீட்டில் சொன்னதும் “நகராட்சிக்குக் கட்டுவதா?” என்று கேட்டார்கள். அத்தோடு அது போயிற்று. எனவே ‘கடையொப்பம்’. ‘ஒப்பம்’ கையொப்பத்தோடு உறவைக் காக்கிறது, ‘கை’ போய்விட்டதால் சட்டப்பொருளோடு மோதாது. யாழ்ப்பாணத்து நண்பர் ‘ஒப்பம்’ தங்களுக்கு அன்றாடச் சொல் என்று எழுதியிருந்தார்.

எதிர்ப்பும் வந்திருக்கிறது:

> ‘கடை’ என்றால் தாழ்வு என்ற பொருளும் உண்டே? கடைநிலை, கடைத்தரம்?

உண்டு, ஐயா. கடைக்கண்ணும் உண்டு. கடைக்கண் பார்வையைத் தாழ்வு என்று யாரும் சொல்வதில்லை, அதற்காகத் தவம் கிடப்பார்கள். பின்னே வரும் சொல்தான் பொருளைத் தீர்மானிக்கிறது. ‘ஒப்பம்’ வந்தால் தாழ்வு தொனிக்காது என்று நினைக்கிறேன்.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன். ‘கடையொப்பத்தை மாற்றினேன்.’ ‘கடையொப்பம் நான்கு வரிக்குள் இருக்கட்டும்.’ கோப்பு என்றால் ‘கடையொப்பக் கோப்பு’. அந்த இரண்டு சிறுகோட்டு வரிக்குக் ‘கடைக்கோடு’. கடைக்கோடி நினைவுக்கு வருவதும் நல்லதே, அது மடலின் எல்லைதானே.

இன்னொன்றையும் பிரிக்க வேண்டும். 1996 ஜூலையில் தொடங்கிய ஹாட்மெயில், தன் பயனர்கள் அனுப்பும் ஒவ்வொரு மடலின் அடியிலும், இலவச மின்னஞ்சல் கணக்கு பெறுங்கள் என்ற அழைப்பைத் தானே சேர்த்தது. மடல் போன இடமெல்லாம் அழைப்பும் போயிற்று. அடுத்த ஆண்டு இறுதியில் மைக்ரோசாஃப்ட் அதை வாங்கும்போது பயனர்கள் பல லட்சம். வணிக உத்தியாக மிகப் பெரிய வெற்றி. ஆனால் அந்த வரியை எழுதியது மடல் எழுதியவர் இல்லை. என் பாட்டிக்கு இரங்கல் சொல்லி வந்த மடலின் அடியிலும் அது இருந்தது. இன்று கைபேசியின் பெயரைச் சொல்லி வரும் அடிவரியும் இதே இனம். சித்தப்பாவின் நான்கு வரியையும் இதையும் ஒரே சொல்லால் அழைக்க எனக்கு மனம் வரவில்லை. நிறுவனம் ஒட்டுவதற்கு ‘ஒட்டுவரி’ என்று முன்மொழிகிறேன்.

ஞாயிறு மாலைக்குள் மாற்றுச் சொல் இருந்தால் எழுதுங்கள். ‘கடையொப்பம்’ தேறினாலும் ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது: வினையாக எப்படிச் சொல்வது? கையொப்பம் ‘இடுகிறோம்’. இதை நாம் இடுவதில்லை, நிரல் தானாக வைக்கிறது. ‘கடையொப்பம் வைத்திருக்கிறார்’ எனக்குச் சரியாகப் படுகிறது. யாழ்ப்பாணத்து வழக்கும் ‘ஒப்பம் வைப்பது’தான். ஈழத்து நண்பர்கள் சொல்லுங்கள், காதுக்கு எப்படி இருக்கிறது?

அன்புடன்,
பட்டியல் தொகுப்பவன்