மறு: புனிதரின் கோலத்தில் வரையப்பட்ட உருவப்படத்துக்குத் தமிழ்ச்சொல்

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கை கேட்டிருந்த கேள்வி இது:

> ஐரோப்பிய அரசவை ஓவியங்களைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறேன். முகம் ஒரு சீமாட்டியுடையது, உடையும் கையிலுள்ள பொருளும் ஒரு புனிதருடையவை. இந்த வகைப் படத்தைத் தமிழில் எப்படிச் சொல்வது?

அதற்கு ஐயா எழுதிய பதில்:

> 'மாறுவேட உருவப்படம்' என்று வைத்துக்கொள்ளலாமே. எல்லோருக்கும் எளிதில் புரியும்.

ஐயா, எளிதில் புரியும் என்பது சரிதான். தவறாகப் புரிந்துவிடுமே என்பதுதான் என் கவலை. மாறுவேடம் என்றதும் நம் மனத்தில் வருவது இரவில் நகர்வலம் போகும் ராஜா. தான் இன்னார் என்று யாருக்கும் தெரியக் கூடாது என்பதற்காகப் போட்டுக்கொள்வது அது. இந்த ஓவியங்களிலோ முகம் அடையாளம் தெரிந்தே ஆக வேண்டும். தெரியாவிட்டால் படம் எழுதச் சொன்னவரின் காசு வீண்.

லண்டன் தேசிய உருவப்படக் காட்சியகத்தில் ஆங்கில அரசவை ஓவியர் பீட்டர் லேலி 1664 வாக்கில் வரைந்த ஓவியம் ஒன்று இருக்கிறது. சிவப்பு உடை, நீல மேலாடை, மடியில் குழந்தை. நிறங்களைப் பார்த்ததுமே மாதாவும் குழந்தை இயேசுவும் என்று சொல்லிவிடுவோம். ஆனால் முகம் பார்பரா வில்லியர்ஸுடையது. இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸின் ஆசைநாயகி அவர். குழந்தை, மன்னருக்கு அவர் பெற்ற மகன். பட்டத்து அரசி கேத்தரீனுக்கோ பிள்ளை இல்லை. (போர்ச்சுகலிலிருந்து வந்தவர், பம்பாயைச் சீதனமாகக் கொண்டுவந்த அதே கேத்தரீன்தான்.) அரசி எவ்வளவோ எதிர்த்தும் பார்பராவை அவருடைய அந்தரங்கப் பணிப்பெண்களில் ஒருவராக மன்னர் 1662இல் நியமித்தார். இந்தப் பின்னணியோடு அந்தப் படத்தைப் பார்த்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. மன்னரின் பிள்ளையைப் பெற்றவள் நான் என்று அரண்மனைக்கே கேட்கும்படி ஒரு பெண் சொல்கிறாள். வாயால் சொல்ல முடியாததை மாதாவின் நீல மேலாடை சொல்கிறது. 'மாறுவேடம்' என்று எழுதினால் இது அத்தனையும் போய்விடும்.

அரசியும் சும்மா இருக்கவில்லை. ஆண்ட்வெர்ப்பிலிருந்து வந்த ஹூய்ஸ்மான்ஸ் என்ற கத்தோலிக்க ஓவியரைக் கொண்டு தன்னை வரையச் செய்தார். 1664இல் அந்த ஓவியரின் இடத்துக்குப் போன கடற்படை அதிகாரி சாமுவேல் பீப்ஸ், அரசியின் படங்கள் இரண்டைப் பார்த்து வியந்ததாகத் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். ஒன்றில் அரசி ஆட்டிடையர் பெண், மற்றொன்றில் புனித கேத்தரீன். புனித கேத்தரீன் அலெக்சாந்திரியாவின் இளவரசி. அறிஞர்களை வாதில் வென்று, மறைசாட்சியாக, அதாவது தன் சமய நம்பிக்கைக்காக, உயிர்விட்டவர் என்பது மரபு. கத்தோலிக்க வழிபாட்டுக்குச் சட்டத் தடை இருந்த நாட்டில், கத்தோலிக்கரான அரசி தன் பெயர்கொண்ட புனிதரின் உருவில் நிற்கிறார். ஒரே அரண்மனை, ஏறத்தாழ ஒரே காலம், இரண்டு பெண்கள், இரண்டு படங்கள். தங்கை, கட்டுரையில் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசுங்கள்.

ஃபிளாரன்ஸிலும் இது நடந்தது. அந்நாட்டை ஆண்ட மெதிச்சி குடும்பத்தவரான கணவர் இரண்டாம் கோசிமோ 1621இல் இறந்தபின், மகனுக்கு வயது வரும்வரை மாமியார் கிறிஸ்டீனாவோடு சேர்ந்து 1628 வரை ஆட்சியைக் கவனித்தவர் ஆஸ்திரியாவின் மரியா மத்தலேனா. 1622இல் ஊருக்கு வெளியே குன்றின்மேல் ஒரு மாளிகையை வாங்கி விரிவாக்கி, அதற்குப் போஜோ இம்பீரியாலே என்று பெயர் சூட்டினார். சுவரோவியங்களில் பழைய ஏற்பாட்டுப் பெண்கள், நாடாண்ட அரசிகள், கன்னி மறைசாட்சிகள் என்று எங்கும் பெண்களே. பெண் ஆளலாமா என்று முணுமுணுத்தவர்களுக்குச் சுவரே பதில் சொல்லட்டும் என்று விட்டுவிட்டார் போலும். அவரைத்தான் மெதிச்சி அரசவை ஓவியர் சஸ்டர்மான்ஸ் புனித மகதலேனாவாக வரைந்தார். மத்தலேனா என்பது மகதலேனாவின் இத்தாலிய வடிவம்; ஆக இதுவும் பெயர்கொண்ட புனிதரே.

சரி, சொல்லுக்கு வருகிறேன். பிரெஞ்சில் 'போர்த்ரே இஸ்தோரியே' என்பார்கள். பைபிள், புராணம், வரலாறு எதிலிருந்தாவது ஒரு பாத்திரத்தை ஏற்று நிற்பவரின் படம். ஸ்பானியத்தில் 'ரெத்ராத்தோ ஆ லோ திவீனோ' என்று தனியாக உண்டு. அது புனிதர் உருவுக்கு மட்டும். ஆகவே நமக்கும் பொதுவாக ஒன்று, சிறப்பாக ஒன்று என இரண்டு சொற்கள் தேவை.

'கோலப்படம்' என்று முதலில் நினைத்தேன். வாசலில் போடும் கோலத்தின் படம் என்றுதான் யாரும் படிப்பார்கள். 'அவதாரப் படம்' கூடவே கூடாது. புனிதர் பிறந்து வந்ததாக இங்கே யாரும் சொல்லவில்லை. 'ஏற்றுருவப்படம்' எனக்கு மிகவும் பிடித்திருந்தது, இரண்டு நாள் அதையே பிடித்துக்கொண்டிருந்தேன். ஆனால் 'ஏற்று' என்ற எச்சம் பெயரோடு அப்படி ஒட்டாது. வினைத்தொகையாகக் கொண்டால் 'மேலே ஏற்றும் உருவம்' என்று பொருள் மாறிவிடும். 'ஏற்ற உருவப்படம்' என்று விரித்தாலோ 'பொருத்தமான படம்' ஆகிவிடும். மனமில்லாமல்தான் விட்டேன்.

அப்புறம்தான் 'திருவேடம்' நினைவுக்கு வந்தது. மெய்ப்பொருள் நாயனார் கதையில் பகைவன் முத்தநாதன் சிவனடியாரைப் போல நீறு பூசிச் சடை முடித்து வருகிறான், ஏட்டுக் கட்டுக்குள் கத்தி. வந்தவன் வஞ்சகன்தான். ஆனால் நாயனார் கடைசி மூச்சுவரை வணங்கியது அந்த வேடத்தை. வேடம் என்ற சொல்லில் ஏமாற்றும் உண்டு, புனிதமும் உண்டு. 'திரு' முன்னால் வந்ததும் புனிதம் மேலோங்கி நிற்கிறது. குலசேகரன்பட்டினம் தசராவுக்கு நேர்ந்துகொண்டு காளி வேடம் கட்டுபவரை யாரும் பொய்யர் என்று நினைப்பதில்லையே. வேடத்துக்குள் இருப்பவர் இன்னார் வீட்டுப் பிள்ளை என்று ஊருக்கே தெரியும். தெரிந்துதான் கும்பிடுகிறார்கள். இரண்டும் ஒருசேரத் தெரிவதுதான் இந்த ஓவியங்களின் உயிரும்.

சைவ மணம் வீசும் சொல்லைக் கிறிஸ்தவ ஓவியத்துக்கு வைக்கலாமா என்று கேட்பீர்கள். திருப்பலி, திருமுழுக்கு, திருச்சபை, திருத்தந்தை என்று தமிழ்க் கத்தோலிக்கர் அன்றாடம் புழங்கும் முன்னொட்டுத்தான் அது. 'திருவேடம்' அவர்களுக்கும் அந்நியமாக இராது என்பது என் நம்பிக்கை. எனவே பொதுச்சொல் 'வேட உருவப்படம்'; கேத்தரீனின் ஆட்டிடையர் பெண் படம் இதில் அடங்கும். புனிதர் உருவுக்கு 'திருவேட உருவப்படம்'. வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: "லேலி வரைந்த பார்பராவின் திருவேட உருவப்படம் அரசவையில் அவருக்கிருந்த செல்வாக்கைக் காட்டுகிறது." உறுத்தவில்லை.

ஒரு படத்தை மட்டும் இதற்குள் சேர்க்கக் கூடாது. ஸ்பானிய மன்னர் இரண்டாம் பிலிப்பின் மகள் இசபெல் கிளாரா எவ்ஹேனியா, கணவர் ஆல்பர்ட் 1621இல் இறந்தபின் பிரான்சிஸ்கன் மூன்றாம் சபையின் (மடத்துக்குள் போகாமலே புனித பிரான்சிஸின் நெறியில் வாழும் இல்லறத்தார் சபை) அங்கியை அணிந்தார். அணிந்துகொண்டே 1633இல் இறக்கும்வரை நெதர்லாந்தின் தென்பகுதியை ஆண்டார். 1625இல் ரூபென்ஸ் அவரைக் கறுப்பு முக்காடும் இடுப்புக் கயிறுமாக வரைந்தார். அது தகட்டில் செதுக்கி அச்சிட்ட படமாகவும் வெளிவந்து பரவியது. முத்தும் பட்டும் அணிந்து வரையப்பட்டுவந்த ஒரு அரசகுமாரியின் ஆட்சி முகமாக அந்த முரட்டு அங்கி ஆனது. இதில் வேடமே இல்லை. அவர் நாள்தோறும் உடுத்திய உடை அது. இதைத் 'துறவாடை உருவப்படம்' என்று தனியாகச் சொல்லலாம் என்பது என் பரிந்துரை. திருவேடம் என்று எழுதினால் அந்த அம்மையாரின் நேர்ச்சையைக் குறைத்துச் சொன்னதாகும்.

ஐயா, 'மாறுவேடம்' உங்களுக்கு இன்னும் பொருத்தமாகப் பட்டால் காரணத்தோடு எழுதுங்கள். உங்கள் மடலைப் பார்த்துவிட்டே சொற்பட்டியலில் சேர்க்கலாம். தங்கை, அதுவரை கட்டுரையில் அந்த இடத்தைக் கோடிட்டு வையுங்கள்.

அன்புடன்.