ஓடையில் புதுப் பதிவு வரவில்லை, அவசரம்

குறிப்பேடு:
என் தளத்தின் ஓடையை (feed, புதுப் பதிவுகளைப் பிற தளங்கள் தானாக எடுத்துக்கொள்ளத் தரும் கோப்பு) இன்னொரு தளத்தில் இணைத்திருக்கிறேன். புதுத் தலைப்புகள் அங்கே தானாக வந்துகொண்டிருந்தன, இப்போது வரவில்லை. நான் ஒன்றும் மாற்றவில்லை. நாளைக்குள் சரியாக வேண்டும், யாராவது சொல்லுங்கள்.

நீரோட்டம்:
எந்த மென்பொருள்? ஓடையின் வடிவம் ஆர்எஸ்எஸ்ஸா (RSS), ஆட்டமா (Atom)? எத்தனை நாளாக வரவில்லை? ஓடையின் முகவரியை உலாவியில் நேராகத் திறந்தால் புதுப் பதிவு இருக்கிறதா?

இரவுவிளக்கு:
வேர்ட்பிரஸ் என்றால் கேஷ்தான் (சேமித்து வைத்த பழைய நகல்) காரணம். வெளி ஓடையை ஒருமுறை எடுத்தால் 12 மணி நேரம் அதையே வைத்துக் காட்டும். பொறுத்துப் பாருங்கள்.

குறிப்பேடு:
வேர்ட்பிரஸ் இல்லை, நண்பர் எழுதித் தந்த நிரல். ஆர்எஸ்எஸ் 2.0. உலாவியில் புதுப் பதிவுகள் தெரிகின்றன. ஆறு நாளாயிற்று.

பழையநிரலர்:
இதையெல்லாம் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஓடை வைப்பவர்கள் அதன் விவரக்குறிப்பை ஒருமுறையாவது படிக்க வேண்டும், அது ஒரே ஒரு பக்கம்தான். தளத்தின் மொழியைத் தமிழாக்கியிருப்பீர்கள், பப்டேட்டில் (pubDate, பதிவின் தேதி எழுதும் இடம்) மாதப் பெயர் தமிழில் விழுந்திருக்கும். அங்கே ஆங்கில மூன்றெழுத்துச் சுருக்கம்தான் செல்லும். இதைப் பலமுறை பார்த்துவிட்டேன்.

குறிப்பேடு:
தேதி ஆங்கிலத்தில்தான் இருக்கிறது ஐயா.

இரவுவிளக்கு:
அப்படியானால் வழங்கி 304 (‘மாற்றம் இல்லை’ என்ற பதில்) அனுப்புகிறதோ? பதிவு போட்ட பிறகும் ஈடேக் (ETag, கோப்பின் பதிப்பு அடையாளம்) மாறாமல் இருந்தால், ஒன்றும் புதிதாக இல்லை என்று திரட்டி (ஓடையைப் படித்துக் காட்டும் நிரல்) பழையதையே வைத்திருக்கும்.

வரப்பு:
பேசாமல் ஆட்டத்துக்கு மாறிவிடுங்கள். 2005இல் ஆர்எஃப்சி 4287 (இணையத் தர ஆவணம்) என்று முறையாக வந்த தரம். பதிவுக்குப் பதிவு ஐடி (தனி அடையாளம்) கட்டாயம். ஆர்எஸ்எஸ்ஸில் தலைப்போ விவரமோ ஒன்று இருந்தால் போதும், மற்றதெல்லாம் எழுதுபவர் விருப்பம்.

பழையநிரலர்:
ஆர்எஸ்எஸ் 1999இல் நெட்ஸ்கேப்பில் தொடங்கியது. பாட்காஸ்ட்கள் இன்றும் அதில்தான் ஓடுகின்றன. கட்டுப்பாடு குறைவு என்பதால்தான் அத்தனை பேர் எடுத்துக்கொண்டார்கள்.

வரப்பு:
எடுத்துக்கொண்டார்கள், சரி. ஆளுக்கொரு விதமாக எழுதியும் வைத்தார்கள். அதைப் படிக்கும் நிரலை எழுதுபவனுக்குத்தான் அந்த வலி தெரியும்.

நீரோட்டம்:
இருவரும் தனி இழை தொடங்குங்கள், நானும் வருகிறேன். குறிப்பேடு, ஆறு நாளுக்கு முன் தளத்தில் எதையாவது தொட்டீர்களா? அப்புறம், ஓடையில் முதல் இரண்டு பதிவுகளின் ஜியுஐடியில் (guid, ஆர்எஸ்எஸ்ஸில் பதிவின் தனி அடையாளம்) என்ன இருக்கிறது?

குறிப்பேடு:
அன்று பதிவு முகவரிகளின் அமைப்பை மாற்றினேன், ஓடையைத் தொடவில்லை. அதன்பின் ஒரே ஒரு தலைப்பு வந்தது, அதோடு நின்றது. ஜியுஐடி இரண்டிலும் தளத்தின் முகப்பு முகவரிதான்.

நீரோட்டம்:
அதுதான் கோளாறு. ஒரு பதிவை முன்பே பார்த்தோமா என்று திரட்டி ஜியுஐடியை வைத்துத்தான் முடிவு செய்கிறது. முகவரி அமைப்பு மாறியதும் உங்கள் நிரலால் பதிவின் முகவரியை எடுக்க முடியாமல் முகப்பையே எல்லாவற்றுக்கும் போட்டிருக்கிறது. முதல் முறை அது புதிது என்பதால் ஒரு தலைப்பு வந்தது. பிறகு வந்தவை எல்லாம் அதற்கு அதே பழைய பதிவுதான். பதிவுக்கு ஒரு ஜியுஐடி, ஒருமுறை கொடுத்தால் அப்புறம் மாறவே கூடாது. முகவரியை நம்பாமல் தரவுத்தளத்தில் உள்ள பதிவு எண்ணை வைத்து எழுதுங்கள், இஸ்பெர்மாலிங்க்கை (isPermaLink, ஜியுஐடி ஒரு முகவரியா என்று சொல்லும் குறி) ஃபால்ஸ் (false, இல்லை) என்று போடுங்கள். முடிந்தால் பழைய பதிவுகளுக்கு முன்பிருந்த ஜியுஐடியையே திரும்பக் கொடுங்கள், இல்லையென்றால் அவை அனைத்தும் புதியவை போல மறுபடி வரும்.

வரப்பு:
ஐடி கட்டாயம் என்று சொன்னேன் அல்லவா?

பழையநிரலர்:
ஆட்டத்திலும் ஒரே ஐடியை எல்லாவற்றுக்கும் எழுதினால் இதே நிலைதான், வரப்பு.

குறிப்பேடு:
வந்துவிட்டது. பழைய பதிவுகள் 20ம் மறுபடி வந்தன, கையால் நீக்கினேன். நன்றி நீரோட்டம்.