பிரான்ஸ் போய் வந்த அம்மா, சில மாதங்களுக்குள் சுவிஸ் போகலாமா?

களுவாஞ்சிகுடி மகன்:

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு வயது 67. இவ்வருடம் ஜனவரி 10ஆம் திகதி பாரிஸில் இருக்கும் அண்ணாவிடம் சென்று, மார்ச் 9ஆம் திகதி அங்கிருந்து புறப்பட்டு ஊர் திரும்பினார். இப்போது சுவிஸின் பேர்ன் நகரில் வாழும் தங்கைக்கு ஜூன் நடுப்பகுதியில் பிள்ளை கிடைக்க இருக்கிறது. மே 20இல் அம்மாவை அனுப்பி, முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவும் முடித்து, மூன்று மாதம் நின்று வரச் செய்யலாம் என்று எண்ணுகிறோம். திரும்பும்போது பாரிஸில் ஒரு கிழமை நிற்கவும் அவருக்கு ஆசை.

இங்கே ஒரு வீசா முகவர், பழைய வீசா முடிந்துவிட்டதால் புதிய வீசாவுக்குப் புதிதாக 90 நாள் கிடைக்கும் என்கிறார். அம்மாவின் வங்கிக் கணக்கில் இருபது இலட்சம் ரூபாய் காட்ட வேண்டும் என்றும், அதைத் தானே சில நாட்களுக்கு ஒழுங்குபடுத்தித் தருவதாகவும் சொல்கிறார். இவற்றில் எது சரி, எந்தத் தூதரகத்துக்கு விண்ணப்பிப்பது என்பதைத் தெரிந்தவர்கள் கூறுங்கள்.

கல்முனை வாசகர்:

தம்பி, முகவர் சொன்ன நாட்கணக்கு பிழை. புதிய வீசா எடுத்தாலும் பழைய நாட்கள் அழிவதில்லை. சுவிஸ் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் 2008 டிசம்பர் முதல் ஷெங்கன் வலயத்தில், அதாவது ஒரே வீசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டில், இருக்கிறது. ஆகவே பாரிஸில் நின்ற நாட்களும் பேர்னில் நிற்கப்போகும் நாட்களும் ஒரே கணக்கில்தான் சேரும். அங்கிருக்கும் எந்த ஒரு நாளை எடுத்தாலும், அந்த நாளையும் சேர்த்துப் பின்னோக்கி எண்ணும் 180 நாட்களுக்குள், ஷெங்கன் நாடுகளில் தங்கிய நாட்கள் 90ஐத் தாண்டக் கூடாது. உள்ளே போகும் நாளும் வெளியேறும் நாளும் முழு நாட்களாகவே எண்ணப்படும்.

அம்மா ஏற்கெனவே கழித்தவை 59 நாட்கள்: ஜனவரியில் 22, பெப்ரவரியில் 28, மார்ச்சில் 9. மே 20இல் போனால் மிச்சம் 31 நாட்களே. அவை ஜூன் 19ஆம் திகதியுடன் தீர்ந்துவிடும். பேரப்பிள்ளை தொட்டிலுக்கு வரும் நேரத்தில் அம்மம்மா விமானத்தில் இருப்பார்.

இதற்கு வழி பயணத்தைப் பிற்போடுவதுதான். ஜனவரி 10 முதலான பழைய நாட்கள், ஜூலை 9 தொடக்கம் ஒவ்வொன்றாக அந்த 180 நாட்களுக்கு வெளியே போய்விடும். ஜூன் 8இல் உள்ளே போனால், ஜூலை 8 அன்று பழைய 59உம் புதிய 31உம் சேர்ந்து சரியாக 90 ஆகும். மறுநாள் முதல் ஒரு புதிய நாள் கூடும்போதெல்லாம் ஒரு பழைய நாள் கழியும். இப்படியே செப்டெம்பர் 5 வரை முழு 90 நாட்களும் நிற்கலாம். பத்தொன்பது நாள் பொறுத்தால் ஐம்பத்தொன்பது நாள் கூடுதலாகக் கிடைக்கிறது. ஜூன் 7இல் போனாலோ ஒரு நாள் மிகுந்துவிடும். ஆகவே ஜூன் 10 அளவில் அனுப்புவதே என் விருப்பம். 2025 ஒக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லைகளில் உள்ளே வருவதையும் வெளியேறுவதையும் மின்னணு முறையில் பதியத் தொடங்கிவிட்டார்கள். முத்திரை மங்கியிருக்கிறது என்று சொல்லித் தப்பிய காலம் போய்விட்டது.

ஆலையடிவேம்பு மருமகள்:

அதிக நாள் தங்கும் நாடு எதுவோ அந்த நாட்டின் தூதரகத்துக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் விடயத்தில் அது சுவிஸ். அந்த வீசாவிலேயே பாரிஸுக்கும் போகலாம்.

பணத்தைப் பற்றித்தான் நான் முக்கியமாக எழுத வந்தேன். என் மாமியாருக்கு முதன்முறை விண்ணப்பித்தபோது நாங்களும் ஒரு முகவரின் பேச்சைக் கேட்டு, மாதம் சில ஆயிரம் மட்டுமே புழங்கிய அவருடைய கணக்கில் ஒரே நாளில் பெருந்தொகையைப் போட்டோம். வங்கிக் கூற்றைப் பார்த்த எவருக்கும் அது இரவல் பணம் என்று விளங்கியிருக்கும்; வீசா மறுக்கப்பட்டது. இரண்டாம் முறை உள்ளதை உள்ளபடி காட்டினோம்: மாமியாருடைய கணவரின் ஓய்வூதியம், படுவான்கரை வயலின் உறுதிப்பத்திரம், செலவுகளை மகன் ஏற்பதாக ஒரு கடிதம். பெரும்போக விதைப்புக்கு முன் திரும்ப வேண்டும் என்பதையும் எழுதினோம். வீசா கிடைத்தது.

தூதரகம் கேட்டால் உங்கள் தங்கை 30,000 பிராங்குக்குப் பொறுப்பேற்பதாக ஒரு படிவத்தில் கையொப்பமிட வேண்டும். அவருடைய வருமானத்தை அங்குள்ள அதிகாரிகள் பார்த்து உறுதிசெய்வார்கள். தங்கையின் பிறப்புச் சான்றிதழிலும் அம்மாவின் கடவுச்சீட்டிலும் அம்மாவின் பெயர் ஒரே எழுத்துகளில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். எங்கள் வீட்டில் ஓர் எழுத்து வேறுபட்டதால், சத்தியக்கடதாசி முடிக்க ஒரு கிழமை அலைந்தோம். தமிழில் உள்ள ஆவணங்களைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் மொழிபெயர்த்துக்கொள்ளுங்கள்.

களுவாஞ்சிகுடி மகன்:

மிக்க நன்றி அக்கா, ஐயா. ஜூன் 10 என்று முடிவு செய்துவிட்டோம். ஆடி அமாவாசைக்கு மட்டக்களப்பு மாமாங்கக் கோயிலில் தீர்த்தமாட முடியாதே என்ற ஒரு குறைதான் அம்மாவுக்கு. அவருக்கு நீரிழிவு இருப்பதால் காப்புறுதி பற்றியும், விண்ணப்பம் கொடுக்கக் கொழும்புக்கு எப்போது போக வேண்டும் என்பது பற்றியும் கூறுவீர்களா?

கல்முனை வாசகர்:

காப்புறுதி குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் நாடுகள் அனைத்துக்கும், தங்கும் காலம் முழுவதற்கும் இருக்க வேண்டும். அது திடீர் நோய்க்கும் விபத்துக்கும் உரியது. ஏற்கெனவே உள்ள நீரிழிவுக்கான செலவைப் பெரும்பாலான காப்புறுதிகள் ஏற்பதில்லை. ஆகவே மருந்துகளை முழுக் காலத்துக்கும், மருத்துவரின் ஆங்கிலக் கடிதத்துடன், கைப்பையில் அனுப்புங்கள்.

விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து கொடுக்கலாம். 15 நாட்களுக்கு முன்னராவது கொடுத்துவிட வேண்டும். முடிவு வழக்கமாக 15 நாட்களில் வரும், சில வேளைகளில் 45 நாட்கள் வரை இழுபடும் என்பதால், சித்திரை வருடப்பிறப்பு விடுமுறைக்கு முன்னரே கொடுத்துவிடுவது நல்லது. கட்டணம் 90 யூரோவுக்குச் சமமான தொகை. பிரான்ஸ் வீசாவுக்குக் கொடுத்த விரலடையாளம் 59 மாதங்களுக்குப் பயன்படும். அதை விண்ணப்பத்தில் குறிப்பிடுங்கள். கடவுச்சீட்டு, அவர் அங்கிருந்து புறப்படும் நாளுக்குப் பின்னரும் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும். இரண்டு வெற்றுப் பக்கங்களும் தேவை.

வீசா ஒட்டியதும் அதிலுள்ள திகதிகளை மட்டும் பார்த்துத் திரும்பும் விமானச்சீட்டை எடுத்துவிடாதீர்கள். தங்கும் நாட்களின் எண்ணிக்கை தனியாக அச்சிடப்பட்டிருக்கும். திகதிகளின் இடைவெளி அதைவிட நீண்டிருந்தாலும், நிற்கக்கூடியது அந்த எண்ணிக்கை வரைதான்.